அவலாஞ்சியில் கொட்டும்போது மதுரை ஏன் காய்கிறது?

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் இந்த நாட்களில் வானிலை ஆர்வலர்கள் கூடும் இடத்தில் இரண்டே பேச்சுதான். ஒன்று, யார் ஊரில் வெயில் அதிகம், யார் ஊரில் மழை அதிகம். இன்னொன்று, இன்று ராத்திரி இடி மழை உண்டா இல்லையா.

வேலூர்க்காரர் கத்திரி வெயிலைச் சொல்வார். கரூர்க்காரர் பரமத்தியைச் சொல்வார். மதுரைக்காரர் ஆகஸ்டிலும் விமான நிலையத்தில் 40 டிகிரி தொட்ட கணக்கை எடுத்து நீட்டுவார். மழைப் பேச்சில் வால்பாறைப் பக்கத்துக்காரர் சின்னக்கல்லாரை இறக்கினால், கூடலூர்க்காரர் தேவாலாவோடு வந்து நிற்பார். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். சொந்த ஊரின் வானத்தை இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். ஆனால் இந்தப் போட்டியில் ஒன்று தவறிப்போகிறது என்று நினைக்கிறேன். எண்களைத் தனித்தனியாக எடுத்து மோதவிடுகிறோம். சேர்த்து வாசிப்பதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் வடக்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் தென்மேற்குப் பருவக்காற்று வேகம் பிடிக்கும். அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிரக் கொட்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது இப்படித்தான். அதே காற்று ஈரத்தை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கிழக்குப் பக்கம் இறங்கும்போது, 100 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் சூடேறுகிறது. அந்தக் காய்ந்த காற்றுதான் மதுரையிலும் தூத்துக்குடியிலும் அனலாக வீசுகிறது. மலை தடுக்காத பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. செங்கோட்டைப் பக்கத்து இடைவெளியில் நுழைவது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரலைக் கொடுக்கிறது.

ஆக, அவலாஞ்சியில் கொட்டுவதும் மதுரையில் காய்வதும் ஒரே காற்றின் இரண்டு முனைகள். நீலகிரிக்காரர் மழை அளவைப் பதிவிடும் அன்றே மதுரைக்காரர் வெப்ப அளவைப் பதிவிட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். "நீ பெரியவனா நான் பெரியவனா" என்று பேசி முடித்துவிட்டால் இது கண்ணில் படாது.

மழைப் போட்டியில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சென்டிமீட்டரை மட்டும் வைத்துப் பட்டியல் போடுகிறோம். மழைக்குப் பழகிய மலைச்சரிவில் 40 செ.மீ. பெய்வதும் சமவெளிக் கரையோர ஊரில் 40 செ.மீ. பெய்வதும் ஒன்றா? 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருடம் முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே தவித்தார்கள். அடுத்த வருடம் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. அந்தப் புயலின் மிச்சம் உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கடலை விட்டு அவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் ஒரு ஊரில், வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில். பட்டியல் போட்டால் ஊத்தங்கரை கீழேதான் வரும். ஆனால் அந்த ஊரின் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் என் கணக்கில் அதற்கு மேலிடம். இனி எந்த ஊரின் உச்ச அளவைப் பதிவிட்டாலும், அந்த ஊரின் வருடச் சராசரியையும் பக்கத்தில் போடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரிதான் கூடும்.

வெயில் கணக்கு இன்னும் சிக்கலானது. வேலூரின் 42 வறண்ட 42. சென்னையின் 38 கடல் ஈரம் ஊறிய 38. வியர்வை காயாத இடத்தில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. ராத்திரி 30 டிகிரிக்குக் கீழே இறங்காமல், காற்றும் நின்றுபோன சென்னை வீட்டில் ஒண்டியிருக்கும் வயதானவருக்கு எது ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பகல் உச்சத்தை மட்டும் வைத்துப் பரிசு கொடுக்க முடியாது.

அப்புறம், எதை வைத்து அளந்தோம் என்ற கேள்வி. 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்ததும் நாடே அதிர்ந்தது. பிறகு வானிலைத் துறை ஆராய்ந்து, அந்தக் கருவி 3 டிகிரி கூட்டிக் காட்டியதாகச் சொன்னது. லிபியாவின் அல் அஜிசியாவில் 1922ல் பதிவான 58 டிகிரி, உலகச் சாதனை என்று 90 வருடங்கள் பாடப் புத்தகங்களில் இருந்தது. உலக வானிலை அமைப்பு 2012ல் அதை நீக்கிவிட்டது. பெரிய நிலையங்களிலேயே இப்படி என்றால், வெயிலில் நிறுத்திய கார் காட்டும் 47ஐயும், செல்போன் செயலி காட்டும் 'உணரும் வெப்பநிலை'யையும் எப்படிச் சாதனை என்று ஏற்பது? நிழலில், காற்றோட்டமான வெள்ளை மரப்பெட்டிக்குள், ஆள் நெஞ்சு உயரத்தில் வைத்து அளந்ததுதான் கணக்கு. வேறு வழியில்லை.

சரி, இடி மழைக்கு வருவோம். இந்த மாதங்களில் எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான்.

தமிழ்நாட்டுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் ஏறக்குறைய 44 செ.மீ. ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடுகிறது. வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கம் இந்த மாதங்களின் பங்கு இன்னும் பெரிது. அதில் பெரும்பகுதி சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு வரும் வெப்பச்சலன மழை, அதாவது வெயிலில் சூடான காற்று மேலே எழுந்து மேகமாகிப் பெய்வது.

அரக்கோணம் பக்கம் இருக்கும் எனக்கு இந்த மழையை நடுவழியில் பார்க்கும் வாய்ப்பு. மத்தியானம் வரைக்கும் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும். இரண்டு மணிக்கு மேல் ஆம்பூர், ஜவ்வாது மலை, சித்தூர்ப் பக்கம் வெள்ளை மேகம் குமுறி எழும். நாலரை, ஐந்து மணிக்கு அதன் உச்சி கொல்லன் பட்டறைக் கல்போலத் தட்டையாகிக் கிழக்கே நீளும். மேலே காற்று எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதை அந்த நீட்டமே சொல்லிவிடும். அப்புறம் காற்று சுத்தமாக நிற்கும். வேப்பிலைகூட அசையாது, சட்டை முதுகில் ஒட்டும். திடீரென்று மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று புழுதியோடு அடிக்கும். அது மழை மேகத்துக்குள் இருந்து கீழே விழுந்து, தரையில் பரவி வரும் காற்று. அந்தக் குளிர் முகத்தில் பட்ட பிறகு மழை வந்து சேரப் பெரும்பாலும் அதிக நேரம் ஆகாது. முதல் துளிகள் பெரியதாக, தூரம் தூரமாக விழும். தெருவில் கரண்ட் போய்விடும்.

அந்தக் குளிர்காற்றுதான் இந்த ஆட்டத்தின் மையம். ஒரே மேகம் வேலூரிலிருந்து சென்னை வரை நடந்து போவதில்லை. பழைய மேகம் கொட்டித் தீரும்போது, அது வெளியே தள்ளும் குளிர்காற்று முன்னால் இருக்கும் சூடான, ஈரமான காற்றை மேலே தூக்கிப் புதிய மேகத்தை எழுப்பும். இப்படியே கைமாறிக் கைமாறிக் கிழக்கே வரும். கடற்காற்று மத்தியானமே உள்ளே புகுந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் வரை ஈரம் கொண்டுவந்து வைத்திருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும். சென்னைக்கு ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு இடி மழை வருவது இந்தக் கணக்கில்தான்.

எந்த வாரம் இப்படி அமையும்? இங்கேதான் முதலில் சொன்ன காற்று மறுபடியும் வருகிறது. மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் அவலாஞ்சிக்குக் கொண்டாட்டம், நமக்குப் பட்டினி. கடற்காற்று உள்ளே வரவே முடியாது, மேகம் எழுந்தாலும் கலைந்துவிடும். பருவமழையின் அச்சு, அதாவது வட இந்தியாவின் குறுக்கே நீளும் காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை, மத்திய இந்தியாவை விட்டு இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்தால் வடக்கே மழைக்கு இடைவெளி விழும். மேற்குக் காற்று தளரும். அப்போதுதான் வட தமிழகத்துக்கும் ராயலசீமாவுக்கும் வாய்ப்பு. அதனால் நான் தினமும் முதலில் பார்ப்பது நீலகிரி, வால்பாறை மழை அளவுகளைத்தான். அங்கே அளவுகள் சரிந்து, பகலில் இங்கே வெயில் சுள்ளென்று அடித்தால், அடுத்த சில நாட்களின் சாயங்காலங்களை எதிர்பார்க்க ஆரம்பிப்பேன். 2019 ஆகஸ்ட் ஒன்றே போதும். முதல் பாதியில் நீலகிரி நனைந்தது. மாத நடுவில் காற்று தளர்ந்ததும் வேலூரில் ஒரே ராத்திரியில் 16 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

"என் தெருவுக்கு மழை வருமா?" என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. வானிலையைக் கணினியில் கணிக்கும் ஐரோப்பிய மாடல் பூமியை 9 கி.மீ. கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஒரு இடி மேகத்தின் மையம் அதைவிடச் சின்னதாகவே இருக்கலாம். 2025 ஆகஸ்ட் 30 ராத்திரி மணலியில் 27 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. கொட்டியது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. தாண்டிய மேகவெடிப்பு அது. வடசென்னையின் ஒரு மூலையில் அப்படிக் கொட்டும் என்று அன்று காலையில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. மாவட்ட அளவில் 'வாய்ப்பு உண்டு' என்று சொல்லலாம், அதற்குமேல் சாயங்காலம் ரேடாரைத்தான் பார்க்க வேண்டும். மழை பைபாஸ் ஆனதும் கணித்தவரைத் திட்டுவது நியாயமில்லை. பிரதீப் ஜான் மாதிரி ஆர்வலர்களும் சரி, வானிலை மையத்தின் அதிகாரிகளும் சரி, ராத்திரி முழித்து ரேடார் பார்த்துச் சொல்வதால் எத்தனையோ பேர் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்துகிறார்கள்.

ரேடாரிலும் குறை இருக்கிறது. சென்னையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கிளம்பும் அலை தூரம் போகப் போக உயரம் கூடிவிடும். சேலம், தருமபுரிப் பக்கம் வரும்போது மேகத்தின் அடிப்பகுதியைத் தவறவிடும். ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. மேற்கு மாவட்டங்களுக்கு அது முழு வேகத்தில் வேண்டும். கூடவே, தானியங்கி மழைமானிகளின் மணிக்கணக்கான அளவுகளைப் பழைய வருடங்களோடு சேர்த்து எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 10 செ.மீ. என்பதற்கும் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. என்பதற்கும் உள்ள வித்தியாசம் சாக்கடையின் அகலத்தை முடிவு செய்கிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இடியை ரசிப்பவன் என்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் மின்னலுக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் பலியாகிறார்கள். நாற்று நடுகிறவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள்தான் அதில் அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் மொட்டை மாடியில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். வயலில் இருப்பவருக்கு ஒரு போன் போட்டு, மரத்தடியில் ஒதுங்காமல் கான்கிரீட் கட்டடத்துக்குள் போகச் சொல்லுங்கள்.

மழைமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். காலை 8.30க்கு அளந்து, ஊர்ப் பெயர், தாலுகாவோடு பதிவிடுங்கள். நாடு முழுவதும் அந்த நேரத்தில்தான் கணக்கு முடிகிறது. ராத்திரி 12 மணி வரை என்று அளந்தால் எதனோடும் ஒப்பிட முடியாது. முக்கியமாக, மழை இல்லாத அன்று 0 என்று போடுங்கள். சோளிங்கரில் 6 செ.மீ., பக்கத்து ஊரில் 0 என்று தெரிந்தால்தான் அந்த மேகம் எங்கே ஆரம்பித்து எங்கே நின்றது என்று வரைபடத்தில் கோடு போட முடியும். நாளைக் காலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கீழே கமென்டில் ஊரும் அளவும் போடுங்கள், நான் தினமும் தொகுத்துப் போடுகிறேன்.