பதினாலு மாடியை இடிக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் அண்ணா சாலை சிக்னலில் வண்டி நின்றபோது, கூட வேலை பார்க்கும் தம்பி எல்ஐசியைக் காட்டி, "அண்ணே, இவ்வளவு நல்ல இடத்துல இந்தப் பழைய கட்டிடம் எதுக்கு, இடிச்சிட்டு முப்பது மாடிக்குக் கண்ணாடியில கட்டினா எப்படி இருக்கும்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டிடத்தை ஆரம்பித்ததே எல்ஐசி கிடையாது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தன்னுடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-ல் தொடங்கிய வேலை அது. அடுத்த வருஷமே சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆனதும் கட்டி முடியாத கட்டிடம் எல்ஐசி கைக்கு வந்தது. லண்டன்காரர்கள் பிரவுனும் மௌலினும் வரைந்து கொடுத்தது, அவர்கள் விலகிய பிறகு நம்ம ஊர் எல்.எம். சிட்டாலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 177 அடி, அன்றைக்கு இந்தியாவிலேயே உயரம். அந்தப் பெருமை இரண்டே வருஷத்தில் பம்பாய்க்குப் போனது, ஆனால் சென்னையில் முப்பது வருஷத்துக்கும் மேல் அதைத் தாண்ட ஆளில்லை.

என் பெரியப்பா ஊரிலிருந்து வந்தால் முதலில் கேட்பது "பதினாலு மாடி"யைத்தான். எதிரே ஸ்பென்சர் பக்கம் நின்று, துண்டைத் தோளில் பிடித்துக்கொண்டு, கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து விரல்விட்டு மாடி எண்ணுவார். நடுவில் பஸ் வந்து மறைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து!

1975 ஜூலையில் பெரிய தீ விபத்து நடந்தது. அப்போதே இடித்திருக்கலாம், இடிக்கவில்லை, சரிசெய்து திரும்ப ஆட்களை உட்கார வைத்தார்கள். 2023 ஏப்ரலில் உச்சியில் இருந்த பெயர்ப்பலகை தீப்பிடித்து எரிந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை. அதனால் உள்ளே வயரிங், லிஃப்ட், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றையும் புதிதாகவே போடட்டும், எவ்வளவு செலவானாலும் போடட்டும். முகப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம். மேலே கண்ணாடி ஒட்டினால், நம்ம வெயிலுக்கு ஏசி பில் ஏறும், அப்புறம் ஓஎம்ஆரில் இருக்கும் நூறு கட்டிடங்களில் அதுவும் ஒன்றாகிவிடும்.

நமக்குப் பாரம்பரியம் என்றாலே சிவப்புச் செங்கல்லும் கும்மட்டமும்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடத்துக்குக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது, சுதந்திரம் வந்த பிறகு நாம் கான்கிரீட்டில் எழுப்பியதற்கு இல்லை. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. ஐம்பதுகளின் கட்டிடங்களும் அதன் பாதுகாப்புக்குள் வர வேண்டும், முதலில் இது வர வேண்டும்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. மெட்ரோ நிலையத்துக்கே எல்ஐசி என்று பெயர் வைத்திருக்கிறோம். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பொதுமக்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். கீழே நின்று எண்ணியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒருமுறை மேலே நின்று கடலைப் பார்க்கட்டும்.