ஜீவனாம்சம் ஆணுக்கும் உண்டு, ஆனால்...

'கணவன் ஜீவனாம்சம் கேட்கவே முடியாது' என்று பெண்ணியத்தைத் திட்டி ஒரு கட்டுரை சொல்கிறது. அது பாதிதான் சரி. இந்து திருமணச் சட்டம் 24, 25-ஆம் பிரிவுகளில் கணவனும் கேட்கலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலோ மனைவிக்கு மட்டும்தான். அதாவது பதிவாளர் முன் சிறப்புச் சட்டத்தில் மணந்த கணவனுக்கு அந்த வழி இல்லை. உண்மையான பாரபட்சம் இங்கேதான். பெண்ணியத்தைத் திட்டுவதை விட்டு இதைத் திருத்தக் கேட்கலாமே!

நடைமுறையில் ஆண்கள் சறுக்குவது வேறு இடத்தில். ஜீவனாம்ச வழக்கு வந்ததும், கொடுக்காமல் தப்பிக்க வேலையை விடுகிறார்கள். அது உதவாது. உடல் திடமாக இருப்பவருக்குச் சம்பாதிக்கும் திறன் உண்டு என்றே நீதிமன்றம் கணக்கிடும். உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் (2020) பிறகு இருவருமே சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். மனைவியின் சம்பளத்தைக் காட்ட அதுவே இடம். வேறு வழக்கில் ஏற்கெனவே கொடுத்துவரும் தொகையையும் அதில் எழுதுங்கள், கழிக்கக் கேட்கலாம்.