முப்பது ஆண்டு என்பது தண்டனையின் முடிவல்ல

‘ஹாரி ராபர்ட்ஸுக்கு 30 ஆண்டுத் தண்டனை, அது முடிந்த பிறகும் 18 ஆண்டுகள் சட்டவிரோதமாக அடைத்து வைத்தார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1966 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் பிரேபுரூக் தெருவில் சாலை வரி கட்டியதற்கான வில்லையை ஒட்டாத பழைய வேனை விசாரிக்கப் போன மூன்று போலீஸார், கையில் துப்பாக்கி இல்லாதவர்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலை வழக்கில் ராபர்ட்ஸுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. குறைந்தது 30 ஆண்டுகள் உள்ளே இருக்க வேண்டும் என்பது நீதிபதியின் பரிந்துரை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு விடுதலை என்பது உரிமையல்ல. அவரால் ஆபத்தில்லை என்று, கைதிகளை விடுவிக்கலாமா என முடிவு செய்யும் பரோல் வாரியம் நம்ப வேண்டும். (கொலைக்கான தூக்குத் தண்டனை நிறுத்தப்பட்டு, இந்தக் கொலைகள் நடந்தபோது ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.)

குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. திறந்தவெளிச் சிறையிலிருந்து 2001இல் அவரை மூடிய சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பரோல் வாரியத்தின் முன் வைத்த சில சான்றுகளை அவருக்கும் காட்டவில்லை, அவருடைய வழக்கறிஞருக்கும் காட்டவில்லை. பார்க்காத குற்றச்சாட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது? 2005இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்துதான் அதை அனுமதித்தார்கள். 2014இல் வெளியே வந்ததும் நிபந்தனைகளோடுதான்.