சிரித்தால் ரசனை போய்விடுமா?

கலைக் கண்காட்சியில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்து மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்தார் என்று ஒரு பதிவு போட்டு, ஊரே கழுவி ஊற்றுகிறதே? ஆமாம், அதில் வரும் 'நாகரிகமில்லாத பெண்மணி' நான்தான். வாய்விட்டுச் சிரித்தது நான்தான்.

எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? ஒரு மர நாற்காலி. நின்று நின்று அலுத்துப்போய், முன்னங்கால்களை மடக்கித் தானே உட்கார்ந்துவிட்டது. பின்னங்கால் ஒன்றில் மட்டும் கிழிந்த சாக்ஸ். பக்கத்துச் சுவரில் ஒரு பென்சில் ஓவியம். ஒருவர் மூக்கிலிருந்து கிளம்பிய கோடு அப்படியே நீண்டு துணிக்கொடியாகி, அதில் அவருடைய மீசையே கிளிப் மாட்டிக் காய்கிறது. இதன் முன்னால் நின்று மௌன அஞ்சலியா செலுத்துவார்கள்? சிரிக்க வைக்கத்தான் அந்தக் கலைஞர் இதையெல்லாம் செய்திருக்கிறார். சிரித்தேன்.

"கலைக்கூடம் என்ன சர்க்கஸ் கூடாரமா?" என்று ஒரு அறிவுஜீவி. ஐயா, அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926 முதல் பாரீசில் கம்பி, தக்கை, துணி வைத்துச் சர்க்கஸேதான் செய்தார். தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே பொம்மைகளை ஆட்டியும் காட்டினார். இன்று அது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக்காசோ 1942-ல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். அவர்களுக்கும் ஆழம் போதவில்லையோ என்னவோ.

மற்றவர்களுக்கு இடைஞ்சலாம். செல்ஃபிக்காக நாற்காலியை மறித்து நின்றவர்களை யாரும் 'உஷ்' சொல்லவில்லையே?

"ரசிக்கத் தெரியாதவர்" என்றதுதான் சுருக்கென்று தைத்தது. எட்டாம் வகுப்பில் யானைக்கு மூக்குக்கண்ணாடி போட்டு வரைந்தேன். டிராயிங் சார் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "கோமாளித்தனம்" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை யாரும் அதட்டவில்லை. அப்புறம் வருஷம் முழுக்கப் பூச்சாடி, பழத்தட்டு, மறுபடி பூச்சாடி. பென்சிலைத் தொடும் ஆசையே விட்டுப்போனது.

அதனால்தான் கேட்கிறேன், இந்த ரசனைச் சான்றிதழை யார் கொடுக்கிறார்கள்? முகவாயில் கைவைத்து, படத்தைவிட அதன் பக்கத்துக் குறிப்பை அதிக நேரம் படிப்பவர்களா? சிரித்தால் பாமரர், தலையாட்டினால் மேதையா? எங்களை மாதிரி ஆட்கள் உள்ளே வந்ததே பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிட்டுப் போங்களேன்!

இதில் உச்சம், என்னை 'உஷ்' என்றவர் அதே நாற்காலி முன் முகத்தை உர்ரென்று வைத்து எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார். மேலே, "நமக்குள் தொலைந்த குழந்தையை மீட்கும் கலை!"

ஹாஹா போட்டேன். பிளாக் பண்ணிவிட்டார்.