சோறு வேறு, அரிசி வேறு: கொரியன் படிக்க நினைக்கும் தங்கைகளுக்கு

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த ஒரு பொண்ணு என் போனையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தது. நான் கொரியன் செய்தி ஒன்றை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டபெட்டு தாண்டியதும் கேட்டேவிட்டது: "அக்கா, எனக்கும் கத்துக்கணும். ஆனா எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. முடியுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பொண்ணு மேல் இல்லை. கொரியன் கற்க இங்கிலீஷ் வேண்டும் என்று அதன் தலையில் யாரோ ஏற்றியிருக்கிறார்களே, அவர்கள் மேல்.

நானும் அந்த வழியில்தான் ஆரம்பித்தேன். பி.ஏ. தமிழ் முடித்து ஒரு ஹோம்ஸ்டே வரவேற்பில் வேலை பார்க்கிறவள். பணம் கட்டி ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் முழுக்க இங்கிலீஷ். "கொரியனில் வினைச்சொல் கடைசியில் வரும், விசித்திரமாக இருக்கும், வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பழகுங்கள்" என்று முதல் பாடம். நானும் தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அதைத் தலைகீழாகத் திருப்பி, கொரியனுக்குக் கொண்டுபோவேன். ஆறு மாதம். கோத்தகிரியிலிருந்து நேரே இறங்கினால் மேட்டுப்பாளையம். நான் ஊட்டியைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டைப் புரட்டும்போது ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. 'ஒஜே நெகா சன் செக்.' ஒஜே என்றால் நேற்று. நெகா, நான். சன், வாங்கிய. செக், புத்தகம். நேற்று நான் வாங்கிய புத்தகம். எதையும் திருப்ப வேண்டாம், எதையும் நகர்த்த வேண்டாம். பெயரெச்சம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்த வகுப்பை நிறுத்தினேன்.

அதற்கப்புறம் பார்க்கும் இடமெல்லாம் இதேதான். 'மொக்தா' என்றால் சாப்பிடுவது, 'போதா' என்றால் பார்ப்பது. இரண்டையும் சேர்த்து 'மொகொ ப்வாயோ' என்றால் சாப்பிட்டுப் பாருங்க! ருசி பார்க்கச் சொல்வதற்குக் கண்ணால் பார்க்கிற சொல்லை ஏன் போடுகிறார்கள் என்று இங்கிலீஷ்காரருக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். நமக்கு எதற்கு? 'ச ஜூசேயோ' என்றால் வாங்கித் தாங்க. 'ஜூதா' என்பதுதான் அந்தத் 'தா'. 'ககோ இஸ்ஸொயோ' என்றால் போய்க்கொண்டு இருக்கிறேன். 'இஸ்ஸொயோ' அந்த 'இருக்கிறேன்'. 'மறந்துவிட்டேன்' என்பதில் நாம் 'விடு'வைப் போடுகிறோம், அவர்கள் அந்த இடத்தில் தூக்கி எறிவதற்கான 'பொரிதா'வைப் போடுகிறார்கள். இங்கிலீஷில் உள்ள 'ஹேவ்' நம்மிடம் இல்லை, அவர்களிடமும் இல்லை. தம்பி இருக்கிறான், காசு இல்லை, அவ்வளவுதான். இஸ்ஸொயோ, ஒப்ஸொயோ.

சொற்களுக்கு வாருங்கள். இங்கிலீஷில் வயலில் நிற்பதும் ரைஸ், மூட்டையில் இருப்பதும் ரைஸ், தட்டில் விழுவதும் ரைஸ். கொரியனில் நெல் 'ப்யொ', அரிசி 'ஸ்ஸல்', சோறு 'பப்'. இங்கிலீஷ் வழியாகப் படித்தால் மூன்றுக்கும் ஒரே அர்த்தத்தை எழுதிவைத்து மூன்று மாதம் குழம்ப வேண்டும் (குழம்பினேன்). ஒருவரைப் பார்த்ததும் 'பப் மொகொஸ்ஸொயோ?' என்று நலம் விசாரிப்பார்கள். சாப்டீங்களா? நம் ஊரில் வேறென்ன கேட்கிறோம்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கொரியனை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்து 88 வாரம், 2200 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது. இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர்களுக்குப் போட்ட கணக்கு. நமக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

இதைச் சொன்னதும் கமெண்டில் வரப்போவது எனக்குத் தெரியும். "தமிழிலிருந்து பிறந்ததுதான் கொரியன், அவர்களும் அம்மா, அப்பா என்றுதானே கூப்பிடுகிறார்கள்." வேண்டாம். 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவதும் ஒட்டு ஒட்டாகச் சேர்வதும் ஜப்பானிய மொழியிலும் துருக்கியிலும் கூட உண்டு. சொந்தக்காரர் என்று நிரூபித்தால்தான் வாசலில் விடுவார்களா? நடை ஒத்துப்போகிறது, அது போதும்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது ஒரு வாரத்து வேலை. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்டது. அடிப்படை எழுத்து 24: மெய் 14, உயிர் 10. 247 எழுத்தை ஒன்றாம் வகுப்பிலேயே தாண்டியவர்கள் நாம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும். உயிர்மெய் தெரிந்தவருக்கு இது புதிதில்லை. ஒன்றே ஒன்று கண்டிப்பு: ரோமன் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். தமிழிலும் எழுதிப் படிக்காதீர்கள். இந்தப் பதிவில் நான் எழுதிக் காட்டுவது திசை காட்டத்தான். அவர்கள் தலைநகரை நம் பேப்பர்களில் சியோல் என்கிறோம்; அங்கே அது 'சொ-உல்' என்று இரண்டு அசை. அந்த 'ஒ'வும் நம் ஒ இல்லை, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும்.

உச்சரிப்பில் நம் பள்ளித் தமிழ் எவ்வளவு கைகொடுக்கும் என்று எனக்கே ஆச்சரியம். 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் க வன்மையாக, இரண்டாவது க மென்மையாக வரும், எழுத்து ஒன்றுதான். கொரியனில் இறைச்சிக்கு 'கோகி', அதே கதை. ரோமனில் 'இ, யு' என்று இரண்டு எழுத்துப் போட்டு எழுதுகிற ஒரு உயிர் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பழகுவார்கள். 'நாக்கு', 'காசு' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, ஏறக்குறைய அதுதான். குற்றியலுகரம் படித்ததற்கு ஒரு வழியாக எனக்குப் பலன் கிடைத்தது. நாம் பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிறோமா, அவர்களும் 'பொஸு' என்கிறார்கள். எஃப் வராமல் நாம் காப்பி குடிக்கிறோம், அவர்கள் 'கொப்பி' குடிக்கிறார்கள். 'நல்' பக்கத்தில் 'மை' வந்தால் நன்மை ஆவது போல, பப் பக்கத்தில் 'மொ' வந்தால் வாயில் 'பம் மொகொஸ்ஸொயோ' என்றுதான் வரும். புணர்ச்சி விதி என்று நினைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும்.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு. மெய்யெழுத்தில் சாதாரணம், இறுக்கம், மூச்சு விட்டுச் சொல்வது என்று மூன்று தினுசு. அறைக்கு 'பங்', ரொட்டிக்கு 'ப்பங்'. ஒரு காலையில் எங்கள் ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்த கொரியத் தம்பதி சாப்பாட்டு மேசையில் "ப்பங் இஸ்ஸொயோ?" என்றார்கள். எனக்கு அறை என்று காதில் விழுந்தது. வார இறுதி, எல்லா அறையும் நிரம்பியிருந்தது. பெருமையாக "ஒப்ஸொயோ" என்று சொல்லி, மாடியைக் காட்டி "பங் ஒப்ஸொயோ" என்றேன். அந்த அம்மா பதறிப்போய்ப் பையை எடுக்க எழுந்துவிட்டார். ரொட்டி கேட்டவரை ரூமைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 70-களில் நுவரெலியா பக்கமிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டி கடைசி வரை ரொட்டியைப் 'பாண்' என்றுதான் சொன்னது. அந்தப் பாணும் இந்தப் ப்பங்கும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து கிளம்பியவை. ஒன்று இலங்கையில் இறங்கியது, ஒன்று ஜப்பான் வழியாகக் கொரியா போனது. பாட்டி இருந்திருந்தால் எனக்கு அன்றைக்கு மானம் போயிருக்காது.

யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேச்சு என்று காட்ட 'உன்', 'நுன்' என்று பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு ஒன்று உண்டு, அதற்கும் தமிழில் நேர் உருபு கிடையாது. "அவன் வந்தான், நானோ போகவில்லை" என்கிறோமே, அந்த ஓகாரம் கொஞ்சம் கிட்டே வரும். இது படித்து வராது, கேட்டுக் கேட்டுத்தான் வரும். எண்களும் இரண்டு வரிசை: வயதுக்கு ஒன்று, போன் நம்பருக்கு வேறொன்று. இதற்குப் போய் அலுத்துக்கொள்கிறவர்களைக் கேட்கிறேன், நீங்கள் வயசைத் தமிழில் சொல்லிவிட்டு நம்பரை "நைன் எய்ட்" என்றுதானே ஆரம்பிக்கிறீர்கள்?

நாடகம் மட்டும் பார்த்துக் கற்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காதுக்கு நல்லது, வாய்க்கு ஆபத்து. காதலர்களும் கூட்டாளிகளும் பேசுகிற நீ-வா-போ பேச்சைப் பொறுக்கிக்கொண்டு வந்து வயசானவர்களிடம் எடுத்துவிடுவீர்கள். 'ஓப்பா' என்பது பெண் தன் அண்ணனைக் கூப்பிடுவது. ஆண் கூப்பிட்டால் 'ஹ்யொங்'. எங்கள் தெருவில் நாலு பையன்கள் ஒருவரையொருவர் ஓப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகிறார்கள். நான் திருத்தவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வேலைக்காகப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கக் கொரிய அரசு நடத்தும் திட்டம் ஈ.பி.எஸ். இலங்கையில் இருக்கும் நம் சொந்தக்காரப் பையன்கள் அதற்கான தேர்வு எழுதிக் கொரியத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அந்தத் திட்டத்தில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நமக்கு இருப்பது டோபிக், அதாவது கொரிய மொழித் திறன் தேர்வு. தொடக்க நிலைத் தாளில் கேட்டல் 30 கேள்வி, வாசித்தல் 40 கேள்வி, மொத்தம் 200 மதிப்பெண். 80 வாங்கினால் முதல் நிலை, 140 வாங்கினால் இரண்டாம் நிலை. எழுத்துத் தேர்வு கிடையாது. நான் சென்னை போய் எழுதி இரண்டாம் நிலை வாங்கினேன். மதிப்பெண் 2 வருஷம்தான் செல்லும் என்பது அப்புறம்தான் தெரிந்தது; சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

பஸ்ஸில் பார்த்த பொண்ணுக்கு வருகிறேன். இறங்குவதற்குள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத் தோழிகளோடு படுகர் பேசும் படுகு, கூடலூர் சித்தி வீட்டில் மலையாளம். மூன்று மொழியை யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிற ஆள், இங்கிலீஷ் வராது என்று தலையைக் குனிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்காவது ஆசை இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். பணம் வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் ஸ்வெட்டரும் போதும். மழை பிடித்தால் வகுப்பு இல்லை, எங்கள் தெருவில் நாலு சொட்டு விழுந்தாலே கரண்ட் போய்விடும்.