பரணின் உயரமும் அம்பின் சரிவும்

கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் என் அக்காவின் மகன், முறையாக உரிமம் பெற்று வில்லால் மான் வேட்டையாடுகிறவன். ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கும் எனக்கு அவன் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: "மாமா, நிலத்தில் நின்று எய்தால் பத்து அம்பும் குறியில் படுகிறது. மரத்தில் கட்டிய பரணில் ஏறினால் மட்டும் ஏன் தவறுகிறது?" வில்லைத் தொட்டறியாத நான் இதற்குப் பதில் தேடப் போய், ஒரு திடமான கருத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். வேட்டைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்த உயரம், மானின் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் அவர்களை மறைப்பது உண்மைதான். ஆனால் கொடுக்கிற மறைவைவிட அம்பிடமிருந்து அது பறித்துக்கொள்வதே அதிகம்.

முதலில் தூரக் கணக்கு. பரண் 17 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் எழுந்து நிற்பவனின் கண்ணுக்கும் கீழே நிற்கும் மானின் நெஞ்சுக்கும் இடையிலான செங்குத்து வித்தியாசம் ஏறத்தாழ 6 மீற்றர். மான் மரத்தடியிலிருந்து 8 மீற்றரில் நின்றால், பார்வைக் கோட்டின் நீளம் 10 மீற்றர். பாடசாலைப் பிள்ளைகள் பைதகரசின் தேற்றத்தில் முதலில் போடுகிற கணக்கே இதுதான். புவியீர்ப்பினால் அம்பு இறங்குவதற்காகக் குறியைத் திருத்தும்போது 10 மீற்றரைப் பார்க்கக்கூடாது, கிடைத் தூரமான 8 மீற்றரையே பார்க்க வேண்டும். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. 7 பேர்ச்சஸ் காணி என்று நில அளவையாளர் படத்தில் போட்டுத் தருவது கிடையளவு. சரிவில் கால் வைத்து நடந்து பார்க்கிறவருக்கு அதே காணி நீண்டு தெரியும்.

ஆனால் எல்லாரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. சாய்வைக் கணித்துச் சொல்லும் தூரமானிகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். செக்கனுக்கு 80 மீற்றர் வேகத்தில் போகும் அம்புக்கு, நான் சொன்ன தூரத்தில் இந்தத் திருத்தம் ஒன்றரைச் சென்ரிமீற்றர், அதாவது ஒரு விரல் அகலம். மருமகனின் அம்போ சென்ற வருடம் மானின் முதுகுக்கு மேலால் போயிருக்கிறது. அவ்வளவு பெரிய தவறை ஒரு விரல் அகலத்தின் தலையில் கட்ட முடியாது.

அவன் அனுப்பிய காணொளியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிலத்தில் நிற்கும்போது உடம்பும் வில் பிடித்த கையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன. நாண் ஒவ்வொரு தடவையும் தாடையில் அதே இடத்தில் வந்து தொடுகிறது. பரணில் நின்றபோது அவன் இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் கீழே இறக்கியிருக்கிறான். உடனே தோள் நெரிகிறது, தலை சாய்கிறது, நாண் தாடையில் வேறொரு இடத்தில் பதிகிறது, அம்பும் குறியை விட்டு விலகுகிறது. முதலில் நேர்மட்டத்தில் நாணை இழுத்துக்கொண்டு, பிறகு தோளையும் கையையும் குலைக்காமல் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் மடக்க வேண்டும். பரணில் அப்படிக் குனிவதற்குத் தைரியம் வேண்டும். உடம்பை மரத்தோடு பிணைக்கும் வார் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. விழுந்து முதுகெலும்பு உடைத்துக்கொண்டவர்கள் இந்த வேட்டையில் நிறையப் பேர்.

இந்த வருடம் அவன் இடுப்பை மடக்கப் பழகிவிட்டான். நிலத்தில் பழகியபடியே நெஞ்சின் நட்டநடுவைக் குறிவைத்தான், அம்பும் அங்கேயே பட்டது. மான் ஓடிவிட்டது. மறுநாள் மத்தியானம்வரை தேடியும் கிடைக்கவில்லை.

உண்மையில் எனக்குப் பதில் கிடைத்தது இங்கேதான். 6க்கு 8 என்ற சரிவில் பாயும் அம்பு, குறுக்கே 4 போகும்போது 3 இறங்குகிறது. மானின் நெஞ்சு 32 சென்ரிமீற்றர் அகலம் என்றால், அதைக் கடக்கும் அம்பு 24 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். நடுவில் நுழைந்த அம்பு மறுபக்க நுரையீரலை எட்டுவதற்கு முன்னரே மார்பின் அடியால் வெளியேறிவிடுகிறது. ஒற்றை நுரையீரல் காயத்தோடு மான் வெகுதூரம் ஓடும், நீண்ட நேரம் வதைபடும். ஆகவே எய்கிறவன் பார்க்க வேண்டியது அம்பு நுழையும் இடத்தை அல்ல, மறுபக்கத்தில் அது வெளிவர வேண்டிய இடத்தை.

ஹோட்டன் சமவெளியின் நுழைவாயில் பக்கம் மனிதருக்குப் பழகிப்போன மரைகள் வந்து நிற்கும். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மேட்டிலிருந்து, நேர் கீழே நின்ற ஆண் மரையொன்றைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் பார்க்கும்போது அகன்ற பலகைபோல் தெரிகிற விலா, மேலிருந்து பார்த்தால் முதுகெலும்பை ஒட்டி வழிந்து உள்ளே மறைந்துவிடுகிறது. இரண்டு தோள் எலும்புகளும் ஈர மயிருக்கடியில் ஏறி இறங்குவதுதான் கண்ணுக்குப் படுகிறது. குறிவைக்க அங்கே என்ன மிச்சமிருக்கிறது? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்த வல்வில் ஓரியும் நிச்சயமாகப் பரணில் ஏறியிருக்கமாட்டான்.

இதை வாசிக்கும் உறவினர் சிலர், உயிர்க்கொலைக்குக் கணக்குப் பாடமா என்று கேட்பார்கள். இலங்கையில் மரையை வேட்டையாடுவது குற்றம். வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்க வந்த 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதைத் தடுக்கிறது, நானும் அதன் பக்கம்தான். ஆனால் நம் தேயிலை மலைகளின் ஓரங்களில் பன்றிக்கென்று கட்டப்படும் சுருக்குக் கம்பிக்குக் குறியே கிடையாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோன பின் செத்தது. கம்பியைக் கட்டியவர் அந்த நேரம் எங்கேயோ இருந்திருப்பார். என் மருமகன் தன் அம்பு போன இடத்தைத் தேடி மறுநாள் மத்தியானம்வரை நடந்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: பரணை 12 அடிக்கு இறக்கு, மான் 18 மீற்றரில் பக்கவாட்டாக நிற்கும்வரை காத்திரு. அப்போது குறுக்கே 4க்கு 1தான் இறக்கம். 32 சென்ரிமீற்றர் நெஞ்சில் 8 மட்டுமே. அதற்கும் அப்பால் வேண்டாம். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும். நாண் அதிரும் சத்தம் அம்பை முந்திக்கொண்டு மானின் காதுக்குப் போய்விடும், பாய்வதற்காக அது உடம்பைத் தாழ்த்தும், அம்பு மேலால் போகும்.

நேற்றிரவு அவனிடமிருந்து செய்தி வந்தது. பரணை இறக்கிக் கட்டிவிட்டானாம். மான் வந்ததாம், நேரே மரத்தடிக்கே வந்து நின்றதாம். இழுத்த நாணை மெதுவாகத் தளர்த்திவிட்டு, அது போகும்வரை கை நடுங்க நின்றிருக்கிறான்.