தடித்த கட்டைகளையும் இரவு ஈரப்பதத்தையும் கவனியுங்கள்

"வெயில் ஏறினால் மிதவெப்பக் காடுகள் தானாகப் பற்றிக்கொள்ளும்" என்ற தொனியில் காட்டுத்தீ பற்றிய கட்டுரை ஒன்று போகிறது. அது சரியல்ல. பொறி வருவது பெரும்பாலும் மின்னலிலிருந்தோ மனிதர்களிடமிருந்தோதான். அது விழுகிற இடத்தை வெப்பம் உலர்த்தி வைக்கிறது.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், அது கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். காற்றிலுள்ள நீராவி மாறாமலே இருந்தாலும், 25 டிகிரியில் 50 சதவீதமாக இருந்த சார்பு ஈரப்பதம் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்ற விகிதம்) 30 டிகிரியில் 37 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காய்ந்த புல்லும் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சுள்ளியும் ஒரு மணி நேரத்திலேயே அதற்கேற்ப உலரும். 8 சென்டிமீட்டர் தாண்டிய கட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். கோடை நீண்டுகொண்டே போனால் முன்பு ஈரமாகக் கிடந்த இந்தக் கட்டைகளும் எரியத் தயாராகின்றன. அவை பற்றிவிட்டால் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், அணைப்பது பெரும்பாடு.

இரவைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை, அது பெரிய குறை. பொழுது சாய்ந்ததும் ஈரப்பதம் ஏறித் தீ தணியும். தீயணைப்புக் குழுவினருக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். இரவும் சூடாக, வறண்டு இருந்தால் தீ விடியவிடிய ஓடும். கனடாவின் லிட்டனில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. மறுநாளே ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது.

காட்டோரம் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல வீடுகள் பற்றுவது காற்றில் பறந்துவரும் கங்குகளால். சுவரை ஒட்டிய 1.5 மீட்டருக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள், விறகு அடுக்கை முக்கியமாக. கூரையோர மழைநீர் வடிகாலில் சேரும் சருகை அள்ளிவிடுங்கள். பரண் காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை போடுங்கள். பிளாஸ்டிக் வலை உருகிவிடும்.